பட்டது யார்?

பெரியவன் அம்மாவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம்தானே? உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? சொல்ல வந்தது விட்டுப்போகாமலிருக்க முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. என் உடம்பு நன்றாயிருக்கிறது.
2. வேலை மாறலாமா என்று யோசிக்கப்படுகிறது.
3. அதற்காகச் சுயவிவரம் எழுதிய வேடிக்கை.

வேலை தேடித் தரும் அலுவலகத்துக்கு நேற்றுப் போனேன். சுயவிவரம் நான்கு பக்கம், அடித்தல் திருத்தல் கிடையாது. அங்கிருந்த அம்மாள் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆண்டுக்கணக்கு முடிக்கப்பட்டது, வரி தாக்கல் செய்யப்பட்டது, பிழை கண்டுபிடிக்கப்பட்டது... எல்லாம் பட்டது பட்டதுன்னே இருக்கே சார். பட்டது யாரு?"

"நான்தாம்மா. முப்பத்தோரு வருஷமா பட்டேன்."

பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். "அப்போ 'செய்தேன்'னு எழுதுங்க. கூச்சப்பட்டா யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றார் அந்த அம்மாள்.

அறைக்கு வந்ததிலிருந்து அதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'நான் கண்டுபிடித்தேன்' என்று எழுதினால் தற்பெருமையாகத் தெரிகிறது. அடிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன். பழைய கம்பெனியின் அனுபவச் சான்றிதழ் பீரோவில் இருக்கும், அனுப்பு. கூடவே நான் எதில் கெட்டிக்காரன் என்று உன் கையெழுத்தில் இரண்டு வரி எழுது. ஒரு வரியானாலும் போதும். இங்கே கேட்க ஆளில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஒரு திருத்தம்: மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. யாரும் எதையும் யோசிக்கவில்லை. இந்த மாதத்தோடு என்னை நிறுத்துகிறார்கள். உன்னிடம் சொல்லப் பயந்தேன்.

பெரியவன் அப்பா