வண்டி எண் எழுதாத பக்கங்கள்

செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். விடுதியின் வரவேற்பு மேசையில் உங்களுக்கு அறைச் சாவி கொடுத்தவள் எழுதுகிறேன். உங்கள் கடிதம் கிடைத்து நான்கு மாதம் ஆகிறது. "நீங்கள் சொன்னதால்தான் அந்த வண்டியில் ஏறினேன்" என்று ஒரே ஒரு வரி. கீழே கையெழுத்துகூட இல்லை. பதில் எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்து, எனக்கே அருவருப்பாகிக் கிழித்துப் போட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை உண்டா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அவனை ஒழித்துக்கட்ட வேண்டும். அதற்கு நீங்கள் வர வேண்டும்.

தனியாக வந்து தங்கும் பெண்களுக்கு நாங்கள் ஒரு அட்டை கொடுப்போமே, நினைவிருக்கும். மார்க்கெட்டின் பின்தெருவில் நடக்காதீர்கள், பாலத்தடிக் குறுக்குவழி வேண்டாம், வழி கேட்பதானால் தெருவில் நிற்பவரைக் கேட்காமல் கடைக்குள் போய்க் கேளுங்கள், வெளியே கிளம்ப விடுதி வண்டியையே கூப்பிடுங்கள். அத்தனையும் நான் எழுதியது. முதலாளி கையெழுத்து மட்டும்தான் போட்டார். அட்டையோடு ஒரு பதிவேடும் உண்டு. எந்தப் பெண் எத்தனை மணிக்குப் போனார், எந்த வண்டியில் போனார், எப்போது திரும்பினார் என்று எழுதுவேன். வெளி ஆட்டோ வந்தால் வாசல்வரை போய், ஓட்டுநர் பார்க்கும்படி நின்று எண்ணைக் குறித்துக்கொள்வேன். அப்படிக் குறிப்பதைப் பார்த்தாலே பாதிப் பேர் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

முதலாளியின் மைத்துனன் விடுதி வண்டியோடு வந்தால் மட்டும் நான் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. முதலாளி அவனைத் தங்கக்கம்பி என்பார். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எண் எழுத வேண்டிய கட்டத்தில் 'நம்ம ஆள்' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். நீங்கள் விடைத்தாள் திருத்தக் கிளம்பிய அன்றும் அதைத்தான் எழுதினேன். போதாக்குறைக்கு, நீங்கள் தயங்கி நின்றபோது மட்டும் வாசலுக்கு வந்து, "தைரியமா ஏறுங்க டீச்சர், தங்கமான மனுஷன்" என்று கதவைத் திறந்துவிட்டேன்.

பள்ளிக்கு இருபது நிமிட வழி. எட்டே முக்காலுக்குப் போன நீங்கள், பள்ளிக்கே போய்ச் சேராமல், பதினொன்றரைக்குச் செருப்பில்லாமல் திரும்பி வந்தீர்கள். நான் தலையைத் தூக்காமல், எல்லோரையும் கேட்பதுபோல, "வண்டி வசதியா இருந்துச்சா?" என்று கேட்டேன். அதை நினைத்தால் என் நாக்கை அறுத்துப் போடலாம் என்றிருக்கிறது.

பிறகு காவல் நிலையத்தில் நடந்தது பாதி உங்களுக்குத் தெரியும். ஆய்வாளர் பதிவேட்டைப் புரட்டி, "நம்ம ஆள்னா யாரும்மா, உங்க ஆளா, எங்க ஆளா?" என்று கேட்டுச் சிரித்தார். அன்று காலை முழுக்கத் தங்கக்கம்பி தன் வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்ததாக முதலாளி கூசாமல் சொன்னார். வண்டி எண் இல்லை, சாட்சியும் இல்லை என்று புகாரை மூடிவிட்டார்கள். மீதிப் பாதியைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் நீங்கள் மேலே படிக்க மாட்டீர்கள்.

உங்கள் வரியைப் படித்த மறுநாள் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டினேன். நான்கு வருடத்தில் தொண்ணூற்று மூன்று இடத்தில் 'நம்ம ஆள்'. அவற்றில் உங்களைத் தவிர ஒன்பது பெண்கள், அரை மணிப் பயணத்துக்கு இரண்டு மணி, மூன்று மணி கழித்துத் திரும்பியிருக்கிறார்கள். ஒன்பது பேருமே அன்றோ மறுநாளோ அறையைக் காலி செய்திருக்கிறார்கள். நான்கு நாளுக்கு அறை எடுத்தவர் ஏன் ஒரே நாளில் போகிறார் என்று நான் கேட்டதில்லை. சாவியை வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறேன். நேரம் எல்லாம் என் கையெழுத்தில் கச்சிதமாக இருக்கிறது.

அத்தனை பதிவேடுகளையும் சலவைக்கார அக்கா அழுக்குப் படுக்கைவிரிப்புகளுக்கு நடுவே சுருட்டி என் அறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நான் ஒன்பது பேருக்கும் எழுதினேன். ஒன்று முகவரி இல்லையென்று திரும்பி வந்தது. ஒன்றைக் கணவர் பிரித்துப் படித்துவிட்டு, என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பதாகத் தொலைபேசியில் கத்தினார். மூன்று பேர் பதிலே போடவில்லை. நான்கு பேர் போட்டார்கள். அதில் ஒரு நர்ஸ், பன்னிரண்டு பக்கம். விதைக் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண், இந்த நாளுக்காகத்தான் மூன்று வருடமாகக் காத்திருந்தேன் என்று எழுதியிருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு வயிறாரச் சோறு இறங்கியது.

எனக்கு வேலை போய்விட்டது. எல்லா அறையிலும் பழைய அட்டையை எடுத்துவிட்டு, விடுதி வாசலில் நிற்கும் சாம்பல் நிற வண்டியில் ஏறாதீர்கள் என்று எண்ணோடு எழுதி வைத்தேன். ஐந்தாம் நாள் முதலாளி கண்ணில் பட்டது. போன வெள்ளிக்கிழமை தங்கக்கம்பியே என் மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருந்தான். "என்ன தங்கச்சி, வேலை போச்சாமே, வண்டி வேணும்னா சொல்லு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பை அவன் முகத்திலிருந்து வழித்தெடுப்பதற்குத்தான் தினமும் காலையில் எழுந்திருக்கிறேன். கைது செய்தால் போதாது டீச்சர். எந்த வாசலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தானோ, அதே வாசல் வழியாக, தெருவே பார்க்க அவனை இழுத்துப் போக வேண்டும். முதலாளி அதைப் பார்க்க வேண்டும்.

காவல் நிலையத்துக்கு இப்போது ஒரு பெண் அதிகாரி வந்திருக்கிறார். பதிவேடுகளை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார். மற்ற நான்கும் பழைய சம்பவங்கள், அவற்றை மட்டும் வைத்தால் வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார் என்கிறார். உங்கள் புகார்தான் அன்றே கொடுத்த புகார். அதைத் திறக்க நீங்கள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசியில் அவருக்கு மாற்றல். அதனால் வருகிற திங்கட்கிழமையே வந்துவிட வேண்டும். நீங்கள் முன்னால் நின்றால் மற்ற நால்வரும் வருகிறார்கள்.

வருவதென்றால் காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறுங்கள். ஸ்டேஷனின் முன்வாசலில் முதலாளிக்கு வேண்டியவர்கள் நிற்பார்கள், பார்சல் கிடங்குப் பக்கத்து வாசலுக்கு வாருங்கள். சலவைக்கார அக்காவின் மகள் பச்சை ஆட்டோவோடு நிற்பாள். அதன் எண்ணைத் தனித்தாளில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அதை உங்கள் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆட்டோவில் எண்ணைச் சரிபார்த்த பிறகு ஏறுங்கள். நான் சொன்னேன் என்பதற்காக ஏறாதீர்கள்.

இனி அந்த மீதிப் பாதி. அன்று நீங்கள் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, ஆய்வாளர் என்னை உள்ளே கூப்பிட்டு, வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டார். முதலாளி பக்கத்தில் நின்றார். நான் வேலைக்குப் பயந்து, ஓட்டியவரைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு வெளியே வந்து உங்களுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். நீங்கள் எனக்கு நன்றி சொன்னீர்கள்.

புதிய வாக்குமூலத்தில் முதல் பத்தியே அதுதான். பொய் சொன்னதற்கு என்மேலும் வழக்கு வரலாம் என்று அதிகாரி எச்சரித்தார். வரட்டும் என்றேன். திங்கட்கிழமை நீங்கள் கையெழுத்துப் போட்டதும் அவனை வரிசையில் நிறுத்துவார்கள், நீங்கள் விரலை நீட்டி அடையாளம் காட்ட வேண்டும். காட்டிவிட்டுக் கையை உடனே இறக்கிவிடாதீர்கள் டீச்சர். நான் கதவோரம் நிற்பேன். திரும்பி என்னையும் காட்டுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
விடுதியின் முன்னாள் வரவேற்பாளர்