முக்கோண முனை

சனிக்கிழமை

காலையில் இசக்கி அண்ணனைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். ஐந்தருவி போகும் வழியில் அவனுடைய சக்கர நாற்காலியின் கால்தாங்கி ஒரு பக்கம் விட்டுத் தொங்கியது. அதன் அலுமினியத் தகடுகளைக் கல்லூரி லேபில் வெல்டிங் செய்தது நான்தான். சுழலும் கருவியை வைத்து அழுத்தினால் தகடுகள் உருகாமலே குழைந்து ஒட்டிக்கொள்ளும். அன்று நான் பயன்படுத்திய கருவியின் முனை உருண்டை.

அவன் கால் தார் ரோட்டில் தேய்ந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி கிடையாது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

"எனக்கே வலிக்கல. நீ ஏம்லே முழிக்க?" என்றான்.

கட்டுப் போட்டு அவனை வீட்டில் விட்டுவிட்டு லேபுக்குப் போனேன். உருண்டை முனையால் ஒரு ஜோடித் தகடு, முக்கோண முனையால் ஒரு ஜோடி வெல்டிங் செய்து, இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். முதலாவது ஒட்டிய இடத்திலேயே பிரிந்தது. மற்றதில் சுற்றியுள்ள தகடுதான் கிழிந்தது, ஒட்டு விடவில்லை. முக்கோணம் உலோகத்தை நன்றாகக் கலக்குகிறது போல.

சாயங்காலம், முக்கோண முனையால் ஒட்டிய புதிய கால்தாங்கியை மாட்டும்போது அண்ணன் கேட்டான்: "இதுவும் விட்டுட்டுன்னா?"

விடாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அப்பப்ப குனிஞ்சு காலப் பாத்துக்கண்ணே" என்றேன்.

"தள்ளுதது நீதானலே. நீயும் பாரு."

சரி என்றேன். பின்னால் நின்று தள்ளும்போது எனக்கு அவன் கால் தெரியாது.