புற்று இருந்த பக்கத்து வேலி

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு, அப்பன் சொல்லச் சொல்ல எழுதி வருவது. இங்கே நானும் மாடு கன்றும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடி இருக்க வேண்டும். போன் இருக்க இந்தக் கடுதாசி எதற்கு என்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், கேட்டதை மாப்பிள்ளை உன் அத்தை மகன் மகுடேஸ்வரனிடம் சொல்லுவார், அவர்கள் இருவரும் தினமும் பேசிக்கொள்கிறார்களாமே. இதை எழுதுவது நம் லைன் வீட்டில் குடியிருக்கும் ரோஸ்மேரி, சாத்தூர்ப் பக்கத்துப் பெண், பனியன் கம்பெனியில் டெய்லர். எழுதியதை வேறொருவரை விட்டுப் படித்துக் கேட்ட பிறகுதான் ஒட்டுவேன் என்றேன். ஏன் தாத்தா, நான் என்ன ஒங்க சொத்தையா எழுதி வாங்கப் போறேன் என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும், நான் அப்படித்தான் செய்வேன்.

நம் ஊருக்குக் கரண்ட் வந்த வருஷம், ரத்தினசாமி மச்சானின் எருமை கிணற்றில் விழுந்து ஊரே கயிறு போட்டு இழுத்த வருஷம், உன் அம்மாவை நான் கட்டி வந்ததும் அந்த வைகாசிதான். அந்த வருஷம்தான் நம் காட்டுக்கும் மச்சான் காட்டுக்கும் நடுவே வண்டி போக இட்டேரி விட்டது. நாம் பாதி அவர்கள் பாதி, தெற்கே நம் கிளுவை வேலி, வடக்கே அவர்கள் கிளுவை வேலி. எல்லாம் வாய்ப்பேச்சு, எந்தப் படத்திலும் ஏறவில்லை. அதனால் சர்வேயரைக் கூப்பிடுங்கள் என்று நீ எழுதாதே.

கொரோனா முடிந்து அதைத் தார் ரோடாக்கியபோது ரோலர் நுழைய ஒரு பக்க வேலியை எடுக்க வேண்டியிருந்தது. மச்சான் அதற்கு முன்பே செத்துப்போனார். அவர் மகன் மகுடேஸ்வரன் என்னிடம் வந்து, மாமா, உங்க வேலி காஞ்சு கெடக்குதுங்க, அதை எடுத்தா ஆச்சுங்க, எங்க வேலியோரம் புத்து இருக்குதுங்க, நாகன் குடியிருக்கற எடத்துல கை வைக்க முடியுமுங்களா என்றான். புற்று என்றதும் ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது, நானும்தான் போட்டுக்கொண்டேன். நம் வேலி போய் ரோடு நம் பக்கமாகவே நகர்ந்து விழுந்தது. அவன் தார் ஓரத்திலேயே கல்லு நட்டுக் கம்பி கட்டி, மிச்ச இட்டேரியைப் புற்றோடு சேர்த்துத் தன் காட்டுக்குள் வைத்துக்கொண்டான். கேட்டால், புத்துக்குக் காவலுங்க மாமா என்றான். போன தை மாதம் ஜேசிபி வந்து பழைய வேலி, புற்று எல்லாவற்றையும் ஒரே காலையில் நிரவிவிட்டது, அங்கே இப்போது பனியன் தைக்க அவன் போட்ட தகர ஷெட் நிற்கிறது. நாகன் எங்கே குடி போனான் என்று கேட்டேன். அவன் டீ வாங்கி வரச் சொல்கிறான்.

ரோடு கெட்டது என்று நான் சொல்லவில்லை அம்மிணி. ரோடு வந்த பிறகுதான் பால் வண்டி வாசலுக்கு வருகிறது, சின்ன வெங்காயத்தை வியாபாரி காட்டிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறான், லைன் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வருகிறது. கம்பெனி வேன் காலையில் வந்து பெண்களை ஏற்றிப் போகிறது, களை எடுக்க எனக்கு ஆள் இல்லை, ஆனாலும் அந்தப் பெண்கள் வீட்டில் இப்போது கேஸ் அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பல்லடத்துக்குப் படிக்கப் போகின்றன. இதற்கு இந்த அகலம் போதும். கண்டெய்னர் லாரி வர ரோட்டை அகலப்படுத்த வேண்டும் என்று மகுடேஸ்வரன் நிற்கிறான், அது நம் ஊருக்குள் எதற்கு வர வேண்டும்? அகலப்படுத்தும் ரோடு எங்கே போய் முடிகிறது என்று கேட்டேன், அவன் ஷெட் வாசலில் முடிகிறது. லாரி வந்தா வேலை ஊட்டு வாசலுக்கே வருமுங்க மாமா என்கிறான். வேன் ஓட்டும் தவசியோ, இனி இந்த ஊருக்கு வேன் விட வேண்டாம் என்று மகுடேஸ்வரன் கம்பெனியில் சொல்லிவிட்டான் என்கிறான். வேன் நின்றால் பெண்கள் அவன் ஷெட்டில் அவன் கொடுக்கிற கூலிக்குத்தானே உட்கார வேண்டும்? ரோஸ்மேரி இதை எழுதும்போது, தாத்தா, இது தெரிஞ்சா என்னையும் வெரட்டிருவாக என்கிறாள். நான் சொல்வது சந்தேகம்தான், தவசி பொய்கூடச் சொல்லியிருப்பான். ஆனால் அந்தப் புற்று என் கண் முன்னே இடிந்தது.

இப்போது மகுடேஸ்வரன், தார் ரோட்டின் நடுதான் பழைய இட்டேரியின் நடு என்று சாதிக்கிறான். தன் பக்கம் ஷெட் இருப்பதால் அகலத்துக்கு நாம்தான் விட வேண்டுமாம். அவன் கேட்கிற அகலம் விட்டால் நம் கிணறு ரோட்டுக்கடியில் போகும், கிணறு போனால் காடு மேய்ச்சலுக்குத்தான். உன் அம்மா போன பிறகு பட்டா உன் பேரிலும் என் பேரிலும் இருக்கிறது, என் விரல் மட்டும் போதாது. நீ அவனிடம், சரிங்க மாமா, பேப்பர் அனுப்புங்க என்று சொல்லிவிட்டாயாம். அவனே வந்து சொன்னான். சொன்னது சொன்னதாக இருக்கட்டும், கையெழுத்து மட்டும் போடாதே. ஊருக்கு ரோடு வேண்டுமென்றால் பழைய இட்டேரியின் அவன் பாதியை அவன் விடட்டும், அதற்கு மேல் வேண்டுமானால் இரண்டு பேரும் சமமாக விடுவோம்.

குழந்தைக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடு, நெஞ்சுச் சளிக்குத் தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவு. நம் குலதெய்வம் உங்கள் மூவரையும் எந்தக் குறையும் அண்டாமல் வைத்திருக்கும்.

கடைசியாக ஒன்று. வடக்கு வேலி எங்கே நின்றது என்று எல்லை காட்ட, அதை நட்டவர்கள்தான் சாட்சி. குழி எடுத்த என் அப்பன் இல்லை. கிளுவை வெட்டி வந்த ரத்தினசாமி மச்சான் இல்லை. வண்டியில் முள் ஏற்றி வந்த ராக்கையாவும் போன ஆடியில் போய்ச் சேர்ந்தான். நட்ட கிளுவைப் போத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிய, அவர்கள் வீட்டுப் புதுப்பெண் ஒருத்திதான் மிச்சம். நான் கேட்டால் மகன் முகத்தைப் பார்ப்பாள், உன்னிடம் மறைக்க மாட்டாள், மகுடேஸ்வரன் பனியன் விற்கக் காதர்பேட்டைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து நீ கேள். அவனைப் பெற்றவள், என் கூடப்பிறந்தவள், தெய்வாத்தாள்.

இப்படிக்கு,
உன் அப்பன் திருமூர்த்தி, இடது பெருவிரல் ரேகை