இன்னொருக்கா ஆடச் சொல்லுங்கோ

கார்ல்ஸ்ரூஹே, ஜெர்மனி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உகாண்டாப் படங்களை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டிருந்தாய். பயணம் நல்லபடியாகத்தான் நடந்தது.

கொரில்லாக்களைக் காப்பதற்காகக் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பட்வா மக்களின் குடியிருப்புக்கும் போனோம். பொறுப்பான சுற்றுலாதான், அனுமதி கேட்டே படமெடுத்தோம். ஒரு பெண் எங்களுக்காக ஆடினாள். என் போனில் அது பதியவில்லை.

"அவவை இன்னொருக்கா ஆடச் சொல்லுங்கோ," என்றேன் அத்தானிடம். அவர் வழிகாட்டியிடம் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே மறுபடியும் ஆடினாள்.

சின்ன வயதில் நாம் இருந்த அகதி முகாமுக்கு உடுப்புப் பைகளோடு வந்த ஜெர்மன்காரர்கள் கேட்டபோது, நீயும் சிரித்துக்கொண்டேதான் இரண்டாம் முறை ஆடினாய்.

உனக்கு அது பிடித்திருந்தது என்றே இத்தனை வருடமும் எல்லோருக்கும் சொல்லிவந்தேன்.

உன் அக்கா