பச்சைச் சீட்டு கட்டிய பால்

காஜா பேராங், மலாக்கா
17 பிப்ரவரி 1957, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். வீட்டிலிருந்து வரும் எல்லாக் கடிதத்திலும் எல்லோரும் நலமாகவே இருக்கிறார்கள், அதைப் படித்தால்தான் பயமாக இருக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவளுக்கு நல்ல சேதி மட்டும்தான் எழுத வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. நான் எழுதப்போவது அம்மாவுக்குத் தெரியாது. தபால்தலைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் காசில் மிச்சம் பிடிக்கிறேன்.

முதலில் கருணாகரன். உன் பிள்ளைக்கு இப்போது ஒன்பது மாதம். கீழே இரண்டு பல். நாற்காலியைப் பிடித்து நிற்கிறான், பிறகு நாற்காலியையே கடிக்கிறான். நீ சொல்லிவிட்டுப் போனபடி ஒரே மாட்டுப் பால்தான், செவலையின் பால். ஒரு நாளைக்கு மூன்று புட்டி. அத்தான் போன மாதம் லாரியோடு வந்து பார்த்துவிட்டு, பையன் தன்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறான் என்று சொல்லிப் போனார்.

அடுத்த சேதி பெரியது. பால்காரர் சங்கத்தில் நாங்கள் சட்டம் போட்டிருக்கிறோம். "நாங்கள்" என்று எழுதுவது பெருமைக்கு அல்ல, எழுதியது நான்தான். தீபாவளிச் சமயத்தில் ஒருவர் மாட்டுக்கு ஏதோ தூள் கொடுத்து இரண்டு பங்கு பால் கறந்தாரே, அந்தப் பால் மருந்துக்கடை மாதிரி மணந்ததே, நினைவிருக்கிறதா? அதிலிருந்து கம்போங் செட்டி கோயிலில் வெளிப்பால் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். கோயில் காரியங்களைப் பார்க்கும் தெய்வநாயகம் பிள்ளை மாமா, மாடு என்ன தின்றது என்று தெரிந்தால்தான் அபிஷேகத்துக்குப் பால் எடுப்பேன் என்று சொல்லி அனுப்பினார்.

அதனால் ஏழு பால்காரர்களும் நம் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். சங்கச் செயலாளர் சேதுராமன் மாமா தலைமை. மாட்டுக்கு ஒவ்வொரு சீட்டு எழுத வேண்டும், பெயர், வீடு, தீவனம் எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் ஒருவர், "நமக்கே குடியுரிமைப் பாரம் இன்னும் வந்து சேரல, மாட்டுக்கு அதுக்குள்ள ஐ.சி. கார்டா?" என்று கேட்டார். மாட்டின் கைரேகையை எங்கே வைப்பது என்று இன்னொருவர் கேட்க, அப்பாகூடச் சிரித்தார். அப்பா சிரித்துப் பல நாள் ஆயிற்று, அக்கா.

கடைசியில் மூன்று விதிகள் முடிவாயின. மருந்துத் தூள் கொடுக்கக் கூடாது. கடைத் தீவனம் போடக் கூடாது, கையால் அறுத்த பச்சைப் புல்லும் வீட்டுக் கஞ்சியும் மட்டும்தான். கன்று குடித்த பிறகே கறக்க வேண்டும். இரண்டாவது விதி என் யோசனை. மூட்டைத் தவிட்டில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது என நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன், அதை எழுந்து நின்று சொன்னேன். தவிடு இல்லாமல் மாடு வற்றிவிடும் என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அப்பா மட்டும், பாப்பா சொல்வது சரி, நம் கண்ணால் பார்த்ததைத்தான் நாம் எழுத முடியும் என்றார்.

பச்சை அட்டையை வெட்டி நாற்பது சீட்டு எழுதியிருக்கிறேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலாய். சீட்டைக் குவளையின் கழுத்தில் சணலால் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் கோயில் பாலை நான்தான் கொண்டுபோகிறேன். செட்டிமார் எல்லோரையும் போல வீட்டிலும் மலாயே பேசும் பிள்ளை மாமாவுக்குத் தமிழ் படிக்க வராது, மலாயைப் படிக்கக் கண் தெரியாது. அதனால் சீட்டை நான் உரக்கப் படித்த பிறகுதான் குவளையை வாங்குவார். முதல் வெள்ளி படித்து முடித்துவிட்டு, இதே மாட்டுப் பாலைத்தான் எங்கள் அக்கா குழந்தையும் குடிக்கிறது என்று மலாயில் சொன்னேன். சீட்டைவிட அந்தப் பேச்சுதான் அவருக்குப் பிடித்திருந்தது போலும். தலையை ஆட்டிச் சிரித்தார்.

மழை இல்லை. கிணற்றில் இரண்டாவது படி தெரிகிறது. நீ தினமும் பால் குடிக்கிறாயா?

அன்புத் தங்கை,
பத்மினி


காஜா பேராங்
3 மார்ச் 1957, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கு பவுண்டு கூடியிருக்கிறாய் என்று படித்து அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். அதனால் அதை மறுபடி எடுத்துப் படிக்க முடியவில்லை.

இன்னும் மழை இல்லை. கிளேபாங் பக்கம் புல்லெல்லாம் துடைப்பக்குச்சி மாதிரி ஆகிவிட்டது. மற்ற ஆறு பேரும் தவிடு வாங்கத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். சேதுராமன் மாமா வீட்டுத் தொழுவத்தின் பின்னால் புது மூட்டை இருந்தது, என்னைக் கண்டதும் அவர் மகள் அதன்மேல் பாயை விரித்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

அப்பா வாங்கவில்லை. என் பிள்ளை எழுதிய விதியை நானே மீறினால் நாளைக்கு அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அம்மாவிடம் சொன்னாராம். விடியும்போதே சைக்கிளில் புக்கிட் பாரு தாண்டிப் போகிறார். அங்கே ரப்பர் பால் வெட்டும் ஒரு கித்தாத் தோட்டத்தின் ஓரத்தில் நல்ல புல் கண்டுபிடித்திருக்கிறார். இந்த வெயிலிலும் பனி பெய்தது போல் ஈரமாக இருக்கிறதாம். ஒரே ஒரு விசித்திரம், அறுத்த இடத்துக்குப் பக்கத்தில் விட்டு வந்த புல் இரண்டு நாளில் பழுத்துக் கருகிவிடுகிறது. வெயில் அவ்வளவு கடுமை என்கிறார். அதனால் ஒவ்வொரு முறையும் அடுத்த வரிசைக்குப் போகிறார், அங்கே மறுபடி ஈரம் இருக்கிறது.

மாடுகளுக்கு அந்தப் புல் என்றால் உயிர். செவலையும் மயிலையும் கூடையைப் பார்த்ததும் கயிற்றை இழுக்கின்றன. தின்று முடித்த பிறகு, புல் கட்டி வந்த கோணிச் சாக்கை நக்குகின்றன. நேற்று செவலை அரை மணி நேரம் நக்கினாள், உப்பு தடவி வைத்தது போல. கவனித்துப் பார்க்க வேண்டும் என்று சாக்கின் அருகில் உட்கார்ந்தேன். நம் முற்றத்தில் எதைக் கீழே வைத்தாலும் எறும்பு வரும் அல்லவா? சாக்கில் ஓர் எறும்புகூட இல்லை.

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவின் வெள்ளாடு செத்துப்போயிற்று. செவ்வாய்க்கிழமை நம் வேலிக்குள் புகுந்து மாட்டுக்கு வைத்திருந்த புல்லைத் தின்றது, நான் விரட்டினேன். புதன் காலையில் வாயில் நுரையோடு கால் பின்னிக் கிடந்தது. பாம்பு என்றாள் அம்மா. அஞ்சலை அக்கா ஆட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பல் பட்ட இடம் எதுவும் இல்லை.

மயிலை முந்தாநாளிலிருந்து கழிகிறாள். கருணாகரனுக்கும் வயிறு சரியில்லை, மேல்பல் முளைக்கிறதாம். இந்த வரியை அம்மா பார்த்தால் கடிதத்தைக் கிழித்துவிடுவாள். ஆனால் எழுதுவதாகச் சொன்னேன், எழுதிவிட்டேன். கவலைப்படாதே என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

பத்மினி


காஜா பேராங்
10 மார்ச் 1957, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் நர்ஸ் இருந்தால் அவரை இருக்கச் சொல். கருணாகரன் உயிரோடு இருக்கிறான். அதை முதலில் எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பிராஜா அண்ணன் வந்தார். புக்கிட் பாருக்கு அப்பால் உள்ள தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை பார்ப்பவர், தங்கச்சியின் கல்யாணத்துக்குப் பால் சொல்ல வந்தார். பேசிக்கொண்டே தொழுவத்துக்குள் போனவர் புல்கட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். குனிந்து ஒரு புல் தாளை எடுத்து விரலில் தேய்த்தார். பிறகு கையைச் சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"இந்தப் புல்ல எங்க அறுத்தீங்க, அண்ணே?" என்று கேட்டார்.

அப்பா இடத்தைச் சொன்னார். மேற்கு எல்லை, சின்ன மரங்கள் இருக்கும் பக்கம்.

"அங்கதான் நாங்க வரிசை வரிசையா லாலான் களையக் கொல்ற மருந்து அடிச்சிக்கிட்டு வர்றோம். மண்டையோடு போட்ட தகரத்துல வருமே, அது. பலகை வைக்கலியா அங்க? மாட்டுக்கு அது உப்பு மாதிரி லா, அண்ணே. தேடிப் போய் நக்கும்."

அப்பா பிறந்ததிலிருந்து டவுனில் மாடு வளர்த்தவர், தோட்டத்து மருந்து அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பனி என்று நினைத்தது மருந்து. மீதிப் புல்லைக் குழி வெட்டிப் புதைத்தார். மயிலைதான் அதிகம் தின்றாள், செவலை நிற்கிறாள், நடக்கிறாள், அவளுக்கு ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே மண்ணை மிதித்தார்.

செய்தி கேட்டுச் சேதுராமன் மாமா வந்தார். கோயிலில் பங்குனி அபிஷேகத்துக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை, சங்கத்தில் ஏழு குடும்பம் அந்தச் சீட்டை நம்பித்தான் இருக்கிறது, இப்போது வாயைத் திறந்தால் எல்லாருடைய பாலும் சாக்கடைக்குப் போகும் என்றார். நாளைக்குக் கொண்டுபோக வேண்டாமா என்று அப்பா கேட்டார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"நீ எழுதின சீட்ட எடுத்துப் பாரு, பாப்பா. தூள் கொடுத்தோமா? இல்ல. கடைத் தீவனம் போட்டோமா? இல்ல. கன்னு குடிச்சதா? குடிச்சது. எந்த வரி பொய்? சொல்லு."

எந்த வரியும் பொய் இல்லை, அக்கா. இரவெல்லாம் சீட்டை மனத்துக்குள் படித்தேன். மாட்டுக்கு நாம் கொடுப்பதை மட்டும் எழுதினேன். புல்லுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. புத்தகத்தில் அது இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா குவளையை நிரப்பி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். கோயில் வாசலில் பிள்ளை மாமா வழக்கம்போல் நின்றிருந்தார். சீட்டை எடுத்து முதல் வரியைப் படித்தேன், இரண்டாவதைப் படித்தேன், மூன்றாவதையும் படித்தேன். அவர் குவளையை வாங்கக் கையை நீட்டினார். நான் பிடியை விடவில்லை. அவர் மெதுவாக இழுத்தார், அப்போதும் விடவில்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மலாயில் சொல்வது சுலபமாக இருந்தது, வேறு யாரோ சொல்வது போல இருந்தது. அவர் கோபப்படுவார், கோயில் கதவைச் சாத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"புடாக் பூன் மினும்?"

குழந்தையும் குடிக்கிறதா? அவரிடம் பெருமையாகச் சொன்னது நானே அல்லவா? ஆம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த ஒரு சொல் என் காதில் விழுந்தபோதுதான் மேல்பல்லும் வயிற்றுப்போக்கும் செவலையும் சாக்கும் ஒன்றாகச் சேர்ந்தன. அதுவரை அவை தனித்தனியாக இருந்தன, அக்கா. எல்லாவற்றையும் கவனித்து உனக்கு எழுதியவள் நான், ஆனால் சேர்த்துப் பார்க்கவில்லை. குவளையை அங்கேயே கவிழ்த்துவிட்டு ஓடினேன். வீட்டில் அம்மா மடியில் அவனைப் போட்டுப் புட்டியை வாயில் வைத்திருந்தாள். கால் புட்டி குறைந்திருந்தது. நான் பிடுங்கினேன். அம்மா என்னை அறைந்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டாள்.

மூன்று சக்கரப் பேச்சா வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவனை வார்டில் வைத்துக்கொண்டார்கள். பாலில் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது, மாடு தாங்குகிறதா பார்ப்போம், குழந்தையும் தாங்குகிறதா பார்ப்போம் என்றார் டாக்டர். அம்மா அங்கேயே இருக்கிறாள். நேற்று நான் போனபோது என் விரலைப் பிடித்தான். பிடி முன்பு போல் இல்லை. பார்லித் தண்ணீர் இரண்டு கரண்டி குடித்தான், ஒரு கரண்டி நின்றது. அத்தானுக்குத் தந்தி கொடுத்தாயிற்று.

மயிலை வெள்ளிக்கிழமை மதியம் செத்தாள். செவலை சாயங்காலம் படுத்தாள். மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டு, எழுந்து நின்றால் பிழைப்பாள் என்றார். எழும்வரை விளக்கு எரியட்டும் என்று அப்பா தொழுவத்தில் இரண்டு விளக்கையும் போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இரண்டு நாளாகப் பகலிலும் எரிகின்றன. அவள் குடித்த தண்ணீரை அவர் டம்ளரால் அளக்கிறார். செவலை தாங்கினால் பேரனும் தாங்குவான் என்றுதான், நான் கேட்கவில்லை.

சேதுராமன் மாமா வாசல்வரை வந்து, நன்றாகக் கெடுத்தாய் என்று மட்டும் சொல்லிப் போனார். மிச்சமிருந்த சீட்டுகளை நான் அடுப்பில் போட்டுவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், அக்கா. என்னைத் திட்டி எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. ஆனால் அப்பாவுக்கு மட்டும் ஒரு வரி தனியாக எழுது. அவர் விதியை மீறவில்லை, நான் எழுதியதை நம்பினார். இன்னொரு சின்னத் தாளில், உன் கையெழுத்தில், கருணாகரன் நூறு வயது இருப்பான் என்று எழுதி அனுப்பு. அதைக் கட்டிலில் அவன் தலைமாட்டில் கட்டி வைக்கிறேன். நான் எழுதியதை இனி நானே நம்ப மாட்டேன், நீ எழுதினால் நம்புவேன். நீயும் மருந்தை விடாமல் குடி. அவன் உன்னிடம்தான் வர வேண்டும்.

உன் தங்கை,
பத்மினி

மாலை மணி ஆறே முக்கால். உறையை ஒட்டப் போனேன், அதற்குள் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. செவலை எழுந்த சத்தம் எதுவும் கேட்கவில்லை. தொழுவத்தில் இரண்டு விளக்கையும் அப்பா அணைத்துவிட்டார்.