வெளியே போனவர்களின் பஜ்ஜி

இன்று நம் அலுவலகத்தில் மிளகாய் பஜ்ஜி வாசனை. இரும்புலியூர் கடையில் உன் மகள் வாங்கிவந்த பொட்டலம். நீ இல்லாத இடத்தில் இந்த வாசனை எதற்கு என்று எனக்குக் கோபமே வந்தது, போ.

வெள்ளிக்கிழமை மாலையில் பொட்டலம் வந்தால் யாரையும் தொடவிட மாட்டாய். திருமுடிவாக்கம் பட்டறைகளில் நம் சாஃப்ட்வேரைச் சரிபார்க்கப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் எடுத்துவைப்பாய். "ஆறிப்போகுதுடி!" என்று கத்துவேன். "வெளிய போனவங்களும் வருவாங்கடி. அவங்களையும் எண்ணிட்டு அப்புறம் பங்கு போடு" என்பாய். என் பங்கில் ஒன்று குறையும். உன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைப்பேன்.

அந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கூட்ட வழியில்லாதபோதுதான், கம்பெனியின் பங்குகளைப் பின்னால் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை எழுதிக்கொடுத்தோம். என்னை நம்பியா வாங்கிக்கொண்டார்கள்? உன் முகத்துக்காகத்தான்.

இப்போது கம்பெனியை விற்கப்போகிறோம். மதிப்புப் போட வந்த ஆடிட்டர், மொத்த மதிப்பை நம் இருவரின் பங்குகளால் மட்டும் வகுத்துக் காட்டினார். "அந்தப் பிள்ளைங்கதான் இன்னும் பங்கு வாங்கலையே மேடம். விட்டுட்டா உங்க ரெண்டு பேருக்கும் நல்ல விலை" என்றார்.

எனக்குப் பதில் தெரியும். ஆனால் உன் பங்கு இன்று உன் மகளுடையது. அவளுடைய மேற்படிப்பு அதை நம்பித்தான் இருக்கிறது. என் பங்கு குறைவதை நான் பொறுத்துக்கொள்ளலாம். அவளுடையதைக் குறைக்க நான் யார்?

அப்போது அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். ஆடிட்டர் கை நீட்டினார். "ஒரு நிமிஷம் சார்" என்று தட்டை நகர்த்திவிட்டு என்னைக் கேட்டாள்: "ஆன்ட்டி, இன்னிக்கு வெளிய யார் யார் போயிருக்காங்க?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். "அவங்களையும் சேர்த்தா உனக்குக் குறையும்மா."

"குறையட்டும் ஆன்ட்டி. அம்மா இருந்தா இவரை விட்டிருப்பாங்களா?"

ஆடிட்டர் சிரித்துவிட்டார். பிள்ளைகள் வாங்கப்போகும் பங்குகளையும், அதற்கு அவர்கள் கட்டவேண்டிய பணத்தையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டார். நம் பங்கின் விலை இறங்கியது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எடுத்துவைத்த தட்டை மூடிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் என் பங்குக்கு ஒரே ஒரு பஜ்ஜி, அதுவும் ஆறிப்போய். பழக்கத்தில் கை ஓங்கிவிட்டேன். அடிக்க உன் முதுகு இல்லையேடி.