முப்பது துண்டுகளும் மேசையில் இருக்கின்றன

யசுஹிகோவுக்கு,

சோறு குக்கரில் இருக்கிறது. மிசோ சூப்பை நீங்களே சூடாக்கிக்கொள்ளுங்கள். அடுப்பு எங்கே இருக்கிறது என்றாவது தெரியும் என நம்புகிறேன்.

கண்காட்சிக்கு வைத்திருந்த காகிதப் பந்தைப் பிரித்துவிட்டேன். மடித்துக் கோத்திருந்த முப்பது துண்டுகளும் மேசையில் இருக்கின்றன, ஒன்றும் கிழியவில்லை. குளிர்காலம் முழுக்க மடித்து மடித்து நான் கண்டுபிடித்த பந்து அது. நேற்று காகித மடிப்பு மன்றத்தில் அதை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "இது நானே யோசிச்சு செஞ்சது" என்றீர்கள். நான் பக்கத்தில் டீ ஊற்றிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "ஒரே வீடுதானே, யார் பேரா இருந்தா என்ன?" என்றீர்கள். அப்படியானால் என் பேர் ஏன் வாயில் வரவில்லை?

நீங்கள் பந்தைக் கோப்பதைப் படம் பிடிக்க இன்று மூன்று மணிக்கு நிஷிவாகி சார் மன்றத்திலிருந்து வருகிறார். கோத்துக் காட்டுங்கள்.

நான் தொயாமாவில் அக்கா வீட்டில் இருப்பேன்.

கினுயோ

பசையைத் தேடாதீர்கள், எடுத்துப் போகிறேன். இதற்குப் பசை போடக் கூடாது என்பதுகூட உங்களுக்குத் தெரியாது.

கைவலி என்று நிஷிவாகி சாரிடம் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. "அவர் கை நல்லாத்தான் இருக்கு, கட்டாயம் வாங்க" என்று காலையிலேயே போன் செய்துவிட்டேன்.

இன்னொன்று. கடைசித் துண்டு அழுத்தினால் உள்ளே போகாது. அவர் எதிரிலேயே எனக்குப் போன் போட்டு, "கினுயோ, நீ செஞ்சதை எப்படிக் கோக்கிறது?" என்று கேளுங்கள். சொல்லித் தருகிறேன்.